மன்னிப்புக் கடிதம் என்னும் பிளாங்க் செக்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வழக்கம்போல ஈஜிபுராவில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. வாசலில் சேர் போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துச் சந்தில் தையல் கடை வைத்திருக்கும் அண்ணன் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். அரூர் பக்கம் அவருக்கு. இங்கே வந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகிறது. என் பேண்ட்டெல்லாம் அவரிடம்தான் போகும். வருஷா வருஷம் இடுப்பை விரித்துத் தருவது மட்டும்தான் வேலை :-)

"சார், ஒரு லெட்டர் எழுதணும். இங்கிலீஷ்ல. நீங்க எழுதிக் குடுத்தா நல்லா இருக்கும்."

"என்ன லெட்டர்ண்ணே?"

"மன்னிப்புக் கடிதம் சார். காலேஜ்ல கேக்கறாங்க."

பையன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பி.காம் இரண்டாம் வருஷம், இங்கேயே ஒரு தனியார் கல்லூரி. பேர் வேண்டாம். இந்தப் பேரை எடுத்துவிட்டு இன்னொரு பேரைப் போட்டாலும் கதை மாறப்போவதில்லை.

நடந்தது இதுதான். 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்று சொல்லி ஆளுக்கு 3,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். வகுப்பில் 60 பேர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், 2 லட்சத்து 10 ஆயிரம். விசிட் நடக்கவில்லை. பணமும் திரும்பவில்லை. ஐந்து பையன்கள் சேர்ந்து ஒரு மனு எழுதி ஆபீஸில் கொடுத்திருக்கிறார்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள், சீல் போட்டு நகல் தரவில்லை. ஆறு வாரம் கழித்து இந்தப் பையன் போய், "சார், எங்க மனு என்னாச்சு?" என்று கேட்டிருக்கிறான். பேச்சு கொஞ்சம் ஏறியிருக்கிறது. மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டு, "ஆபீஸ் ஸ்டாஃபைத் திட்டினியாமே? அப்பாவைக் கூட்டிட்டு வா, அப்பாலஜி லெட்டர் கொண்டு வா. இல்லன்னா ஹால் டிக்கெட் கிடையாது" என்று சொல்லிவிட்டார்.

"நீ திட்டினியாப்பா?"

"இல்ல அங்கிள். சத்தமா கேட்டேன். திட்டல."

லெட்டர் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியும் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அலைபேசி வெளிச்சத்தில் படித்தேன். மூன்றே வரி. நான் ஊழியர்களிடம் தவறாக நடந்துகொண்டேன். இனி இப்படி நடக்க மாட்டேன். நிர்வாகம் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். கீழே மாணவன் கையெழுத்து, அப்பா கையெழுத்து.

நான் பேங்க்காரன். எனக்கு உடனே தோன்றியது, இது கடிதம் இல்லை, பிளாங்க் செக். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்குகிறார்கள். எப்போது, எவ்வளவுக்கு நிரப்புவது என்பது அவர்கள் இஷ்டம்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், 2000ல் நானே அப்படி ஒன்றில் கையெழுத்துப் போட்டவன்.

அப்போது நானும் பி.காம் இரண்டாம் வருஷம்தான். தெற்கே ஒரு ஊரில் ஹாஸ்டல். மெஸ் சாப்பாடு சரியில்லை என்று ஒரு ராத்திரி கலாட்டா, இரண்டு டியூப் லைட் உடைந்தது. காலையில் வார்டன் 11 பேரை வரிசையாக நிறுத்தி மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார். நான் அந்த ராத்திரி அங்கேயே இல்லை. செகண்ட் ஷோ போயிருந்தேன்! அதைச் சொன்னால் அது தனிக் குற்றம். அதனால் உடைக்காத டியூப் லைட்டுக்கு மன்னிப்பு எழுதினேன். மற்ற பத்துப் பேரில் எத்தனை பேர் உண்மையில் உடைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. யாரும் கேட்கவே இல்லையே!

அடுத்த வருஷம் எங்களில் ஒருவன் மெஸ் பில்லில் கணக்கு இடிக்கிறது என்று எழுதிக் கொடுத்தான். நல்ல கணக்குப் பையன், அவன் சொன்னது சரியாகவும் இருந்தது. கூப்பிட்டார்கள். பழைய கடிதத்தை எடுத்து மேசையில் வைத்தார்கள். "ஏற்கெனவே ஒரு தடவை குற்றத்தை ஒத்துக்கிட்டவன்தானே நீ?" ஒரு வாரத்தில் ஹாஸ்டலை விட்டு அனுப்பினார்கள். பில் கணக்கைப் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு வருஷம் டிராயரில் கிடந்த செக்கை அன்றைக்குத்தான் பாஸ் பண்ணினார்கள்.

இப்போது எங்கள் பேங்க் கதைக்கு வருகிறேன். கேஷ் கவுண்டரில் ஒரு கிளார்க் பணத்தைக் கையாடிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சிசிடிவியில்கூடத் தெரிகிறது. அவரை நாங்கள் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட முடியுமா? முடியாது. சஸ்பெண்ட் செய்யலாம், ஆனால் அந்தக் காலத்திலும் பிழைப்புக்கு ஒரு தொகை கொடுத்தாக வேண்டும். என்ன தேதி, என்ன தொகை, எந்த விதி மீறல் என்று எழுத்தில் சார்ஜ் ஷீட். பதில் சொல்ல அவகாசம். விசாரணை அதிகாரி தனி, பேங்க் தரப்பில் பேசுகிறவர் தனி. அவருக்காக வாதாட யூனியன் ஆள் வரலாம். விசாரணை அறிக்கையின் நகல் அவர் கைக்கு வர வேண்டும். தண்டனைக்கு முன்னால் ஒரு நோட்டீஸ், தண்டனைக்குப் பின்னால் அப்பீல். ஊழியர்களுக்கான இந்த நடைமுறை 2002 ஏப்ரல் 10ல் கையெழுத்தான ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இவ்வளவும் 40 வயது, சம்பளம் வாங்கும், பின்னால் சங்கம் இருக்கும் ஓர் ஆளுக்கு.

19 வயதுப் பையனுக்கு? "அப்பாவைக் கூட்டிட்டு வா."

"கல்லூரி என்ன கோர்ட்டா? ஒவ்வொன்றுக்கும் விசாரணை வைத்தால் பாடம் எப்போது நடத்துவது?" என்று பேராசிரிய நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கோர்ட் மாதிரி நடத்தச் சொல்லி கோர்ட்டே சொன்னதில்லை. ஆனால் கேட்காமல் தண்டிக்கலாம் என்றும் சொன்னதில்லை. இரண்டு தீர்ப்புகளைப் பார்த்தால் போதும்.

முதலாவது 1962, உச்ச நீதிமன்றம். 1954ல் உத்தரப்பிரதேசத்தில் இன்டர்மீடியட் தேர்வில் மூன்று மாணவர்கள் பாஸ் என்று ரிசல்ட் வந்துவிட்டது. சில மாதம் கழித்து, முறைகேடு என்று சொல்லி போர்டு ரிசல்ட்டை ரத்து செய்தது. 1955 தேர்வும் எழுதக் கூடாது என்றது. மாணவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விதியில் 'கேட்க வேண்டும்' என்று எழுதியில்லை என்பது போர்டின் வாதம். எழுதியிருக்காவிட்டாலும், ஒரு பிள்ளையின் எதிர்காலத்தையே பாதிக்கும் முடிவை எடுக்கும் குழு அவன் பக்கத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று கோர்ட் சொல்லிவிட்டது.

இரண்டாவது 1973, ராஞ்சி ராஜேந்திரா மருத்துவக் கல்லூரி வழக்கு. ராத்திரியில் மாணவர்கள் சிலர் மாணவியர் விடுதிக்குள் புகுந்து அத்துமீறினார்கள் என்று 36 மாணவிகள் முதல்வரிடம் ரகசியமாகப் புகார் கொடுத்தார்கள். மூன்று பேராசிரியர்கள் கொண்ட குழு மாணவிகளைத் தனியாக விசாரித்தது. பையன்களுக்குக் குற்றச்சாட்டை எழுத்தில் கொடுத்துப் பதில் வாங்கியது. போட்டோக்களைக் கலந்து வைத்து அடையாளம் காட்டச் சொன்னது. நான்கு பேரை இரண்டு வருஷம் நீக்கினார்கள். "எங்கள் முன்னால் மாணவிகளை விசாரிக்கவில்லை, குறுக்கு விசாரணை செய்ய விடவில்லை" என்று பையன்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். கோர்ட் ஏற்கவில்லை. எதிரே நிறுத்தினால் அந்தப் பெண்கள் பேசவே பயப்படுவார்கள், குற்றச்சாட்டைச் சொல்லி பதில் கேட்டாயிற்று, இந்த இடத்துக்கு இது போதும் என்றது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். புகார் கொடுத்தவருக்குப் பாதுகாப்பு கொடுக்கலாம், பெயரை மறைக்கலாம், வக்கீல் வேண்டாம், குறுக்கு விசாரணைகூட வேண்டாம். ஆனால் என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் சொல்ல வேண்டும், பதிலைக் கேட்க வேண்டும். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பக்கத் தாளும் அரை மணி நேரமும். அதைக்கூடச் செய்ய முடியாத ஆபீஸுக்கு மாணவனின் அப்பாவை அரை நாள் வராண்டாவில் உட்கார வைக்க மட்டும் எங்கிருந்து நேரம் வருகிறது?

சரி, மாணவர் புகாருக்கு விதியே இல்லையா? இருக்கிறது. யுஜிசி 2023 ஏப்ரலில் மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளை வெளியிட்டது. விளம்பரத்தில் சொன்ன கட்டணத்துக்கு மேல் பணம் கேட்பது, சொன்ன வசதியைத் தராதது, சான்றிதழைப் பிடித்து வைப்பது, மதிப்பெண் போடுவதில் ஒளிவுமறைவு, எல்லாம் அதில் 'குறை' என்ற கணக்கில் வரும். புகார் கொடுக்க ஆன்லைன் வசதி இருக்க வேண்டும். குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். மாணவர் தானே பேசலாம், தன் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் ஆம்பட்ஸ்பர்சனிடம் அப்பீல்.

கேட்க நன்றாக இருக்கிறதா? கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். குழுவின் தலைவர் பேராசிரியர். உறுப்பினர்கள் நான்கு பேரும் பேராசிரியர்கள் அல்லது மூத்த ஆசிரியர்கள். மாணவர் பிரதிநிதி ஒருவர் உண்டு, 'சிறப்பு அழைப்பாளர்' என்று. கூட்டம் நடத்தத் தேவையான மூன்று பேர் கணக்கில் அந்த மாணவர் சேரமாட்டார். வந்தாலும் கணக்கில்லை, வராவிட்டாலும் கணக்கில்லை. அப்பீல் கேட்கும் ஆம்பட்ஸ்பர்சனை நியமிப்பதும் அதே பல்கலைக்கழகம்தான். எங்கள் பேங்க் மேல் புகார் வந்தால் 30 நாளில் நாங்கள் பதில் சொல்லாவிட்டால் கஸ்டமர் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் போய்விடுவார். அவரை நியமிப்பது ரிசர்வ் வங்கி, நாங்கள் இல்லை. 1995ல் அது வந்தபோது எங்கள் ஆட்களும் "இனி பேங்க் நடத்தவே முடியாது" என்று புலம்பினார்களாம். நடத்திக்கொண்டுதான் இருக்கிறோம்!

அந்த அரைகுறை ஏற்பாட்டைச் செய்யக்கூட ஆள் இல்லை. விதி வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகியும் ஆம்பட்ஸ்பர்சனை நியமிக்காத 157 பல்கலைக்கழகங்களின் பட்டியலை 2024 ஜூனில் யுஜிசியே வெளியிட்டது. அதில் 108 அரசுப் பல்கலைக்கழகங்கள். பையன் அசைன்மெண்ட் ஒரு நாள் லேட்டாகக் கொடுத்தால் ஃபைன் போடுகிறவர்கள் இவர்கள்.

"சின்னக் கல்லூரிகளில்தான் சார் இப்படி, பெரிய இடத்தில் ஒழுங்காக நடக்கும்" என்று நினைக்கிறீர்களா?

2015 மே, சென்னை ஐஐடி. அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் என்ற மாணவர் அமைப்பின் மேல் பெயரில்லாத புகார் ஒன்று மத்திய அரசுக்குப் போகிறது. மனிதவள அமைச்சகம் அதை ஐஐடிக்கு அனுப்பிக் கருத்துக் கேட்கிறது. ஐஐடி அமைப்பின் அங்கீகாரத்தை ரத்து செய்கிறது. தங்களிடம் விளக்கம் கேட்கவே இல்லை என்றார்கள் மாணவர்கள். விதியை மீறினார்கள், நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்றது நிர்வாகம். நாடு முழுக்கக் கொந்தளிப்பு. ஜூன் 7ல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. அந்த அமைப்பின் கொள்கை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு விஷயம். கடைசியில் பேசித்தான் தீர்த்தார்கள் என்றால், முதலிலேயே கூப்பிட்டுப் பேசியிருக்கலாம் இல்லையா?

2023 மார்ச், சென்னை கலாக்ஷேத்ரா. அங்கே தலைகீழ். பாலியல் தொல்லை என்ற பேச்சு எழுந்தது. உள் விசாரணையில் குற்றச்சாட்டுக்கு அடிப்படை இல்லை என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மார்ச் 30ந் தேதி மாணவ மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான்கே நாளில், ஏப்ரல் 3ல் ஆசிரியர் ஒருவர் கைதானார். பின்னாலேயே ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் வெளிக் குழு. யார் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை இல்லை. நான் கேட்பது, வீட்டுக்குள் சொன்னபோது கேட்காத காது, வாசலில் உட்கார்ந்ததும் எப்படித் திறந்தது? இத்தனைக்கும் பாலியல் புகார் குழுவில் துணைவேந்தர், பதிவாளர், டீன், துறைத்தலைவர் போன்ற அதிகாரப் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது என்று யுஜிசியின் 2015ம் வருஷ விதி சொல்கிறது. எதற்கு? யார் மேல் புகார் வரலாமோ, யாருக்கு அதை மூடி மறைக்க ஆசை வருமோ, அவர்கள் கையில் பேனா இருக்கக் கூடாது என்பதற்கு.

அந்த ஒரு விதி எல்லாப் புகாருக்கும் பொருந்தும் என்பதுதான் என் கட்சி. தையல்கார அண்ணன் மகன் விஷயத்தில் பணம் வாங்கியது துறை. மனுவை அமுக்கியது ஆபீஸ். 'திட்டினான்' என்று சொன்னது ஆபீஸ். தண்டனை சொன்னது துறைத்தலைவர். மன்னிப்பை ஏற்கப்போவதும் அவரே. பேங்க்கில் ஒரே ஆள் வவுச்சர் போட்டு, அவரே பாஸ் பண்ணி, அவரே பணம் கொடுத்து, அவரே ஆடிட்டும் செய்தால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது.

இவ்வளவு நேரம் கல்லூரியைத் திட்டினேன். இனி நம்மை. 

ஊரைவிட்டு வந்த நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. "நாம பொழைக்க வந்த இடம், நமக்கெதுக்கு வம்பு?" ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் பிடித்தாலும் இதே வசனம், காலேஜில் பிடித்தாலும் இதே வசனம். அப்பா போய்க் கை கட்டி நிற்பார். "சின்னப் பையன் சார், மன்னிச்சிடுங்க" என்பார். வெளியே வந்ததும் பையன் முதுகில் ஒன்று வைப்பார். "நீ என்னடா பண்ணினே?" என்ற கேள்வியை கல்லூரியும் கேட்கவில்லை, அப்பாவும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளைக்கு அன்று புரிவது ஒன்றே ஒன்றுதான், உண்மை சொன்னால் செலவு அதிகம்.

இங்கிலாந்தில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கும் நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே 2004ம் வருஷ உயர்கல்விச் சட்டத்தின்படி மாணவர் புகாருக்கென்றே பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனி அமைப்பு உண்டு. கல்லூரி தன் விசாரணை முடிந்ததும் 'எங்கள் நடைமுறை முடிந்தது' என்று கடிதம் தந்தாக வேண்டும். அதை வைத்து 12 மாதத்துக்குள் அங்கே போகலாம். மாணவருக்குக் கட்டணம் கிடையாது. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. கடிதம் வாங்குவது கல்லூரி மட்டும் இல்லை, கொடுக்கவும் வேண்டும் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

என் கோரிக்கைகள் பெரிசில்லை.

1. எந்த மனுவுக்கும் தேதி போட்ட ரசீது.

2. குற்றச்சாட்டு எழுத்தில். எந்த நாள், எந்த இடம், என்ன செயல், எந்த விதி.

3. பதில் சொல்லக் குறைந்தது ஒரு வாரம், கூட ஒருவரை அழைத்துவர அனுமதி.

4. புகார் சொன்னவரும், புகாருக்கு ஆளானவரும் தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்காரக் கூடாது.

5. விசாரணை முடியும்வரை ஹால் டிக்கெட், சான்றிதழ் எதையும் பணயம் வைக்கக் கூடாது.

6. முடிவு காரணத்தோடு எழுத்தில். அப்பீல் யாரிடம் என்று அதிலேயே இருக்க வேண்டும்.

7. பயமுறுத்தி வாங்கிய மன்னிப்புக் கடிதம் செல்லாது.

ஏழாவது இல்லாமல் முதல் ஆறும் வீண். கடிதம் கையில் இருந்தால் விசாரணை எதற்கு என்றுதான் கேட்பார்கள்.

அன்று ராத்திரி கரண்ட் வந்த பிறகு மூவரும் உட்கார்ந்து லெட்டர் எழுதினோம். "இன்ன தேதியில் நாங்கள் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்க ஆபீஸுக்கு வந்தேன். சத்தமாகப் பேசியது உண்மை, அதற்கு வருந்துகிறேன். யாரையும் திட்டவில்லை. திட்டியதாகப் புகார் இருந்தால் அதன் நகல் தாருங்கள், பதில் சொல்கிறேன். எங்கள் மனுவுக்குப் பதிலை எதிர்பார்க்கிறேன்." மனுவின் நகலும் இணைப்பு. அண்ணன் கை நடுங்கியது. "சார், ஹால் டிக்கெட் குடுக்கலன்னா ஒரு வருஷம் போயிடுமே சார்..." என்றார். எனக்கும் உள்ளுக்குள் பயம்தான். என் பிள்ளையாக இருந்தால் இந்த லெட்டரைக் கொடுத்து அனுப்புவேனா என்று கேட்டுக்கொண்டேன். சட்டென்று பதில் வரவில்லை. ஆகவே முடிவை அவர்களிடமே விட்டேன். பையன்தான், "இதையே குடுக்கலாம்பா" என்றான்.

கொடுத்தார்கள். இரண்டு நாள் இழுத்தடித்தார்கள். "யார் எழுதிக் குடுத்தது?" என்று கேட்டார்களாம். மூன்றாவது நாள் ஹால் டிக்கெட் கைக்கு வந்தது. புகாரின் நகல் இன்றுவரை வரவில்லை, அப்படி ஒன்று இருந்தால்தானே வரும்! அந்த 3,500 ரூபாயும் வரவில்லை. இப்போது மனுவில் ஐந்து கையெழுத்துக்குப் பதில் 23 கையெழுத்து இருக்கிறதாம். இந்த முறை ரிஜிஸ்டர் தபாலில், அக்னாலட்ஜ்மெண்ட் கார்டோடு.

நேற்று பேண்ட் வாங்கப் போனேன். அண்ணன் காசு வாங்க மாட்டேன் என்றார். கட்டாயப்படுத்திக் கொடுத்தேன், பில்லும் கேட்டேன். சிரித்துக்கொண்டே எழுதித் தந்தார்.

டிஸ்கி: நல்ல முதல்வர்கள் பலர் இருக்கிறார்கள், எனக்கே தெரியும். ஆனால் முதல்வர் நல்லவராக இருந்தால்தான் நியாயம் கிடைக்கும் என்றால் அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்.